பதினொரு வீட்டு நூலகம்

காசியம்மாளின் வேலை, ஜாடிகளைக் காகிதத்தில் சுற்றுவது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளைச் சுற்றி முளைத்திருந்த பட்டறைகளில் ஒன்றில் அவர் இருந்தார். வெந்து இறங்கிய ஊறுகாய் ஜாடி, கப்பு, சாசர், கொலு பொம்மை எல்லாவற்றையும் பழைய காகிதத்தில் சுற்றி, வைக்கோல் திணித்து, மரப்பெட்டியில் அடுக்க வேண்டும். அந்தப் பழைய காகிதம் சென்னையிலிருந்து மூட்டை மூட்டையாக எடைக்கு வரும். அதில் பாதி செய்தித்தாள், பாதி வாரப்பத்திரிகை.

கம்மாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் அவர். மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்திருந்தார். பட்டறையில் சூளைக்கு நெருப்புப் போடும் நடராசனைக் கட்டிக்கொண்டு மண்மேட்டுக்கு வந்தார். மண்மேடு என்பது சூளைகளுக்குப் பின்னால், களிமண் குவியல்களுக்கு நடுவே இருந்த எங்கள் தொழிலாளர் குடியிருப்பு. 'எங்கள்' என்று சொல்ல எனக்கு எப்போது உரிமை வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். 1969க்கு முன்னால் நடந்தவை நான் பார்த்தவை அல்ல; காசியம்மாளும் மற்றவர்களும் சொல்லக் கேட்டவை.

1965இல் ஒரு நாள் ஜாடிக்குச் சுற்ற எடுத்த பத்திரிகையில் ஒரு தொடர்கதை அவர் கண்ணில் பட்டது. புருஷன் மழையில் வீட்டைவிட்டுத் துரத்திய ஒரு பெண், கோர்ட்டுப் படியேறுகிறாள். அத்தியாயம் மூன்று. மூட்டையைக் கிளறினார். நான்கு கிடைத்தது, ஐந்து கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் அதை உரக்கப் படிப்பார். கூட வேலை செய்த பாஞ்சாலை கேட்டுக்கொண்டே கஞ்சி குடிப்பார். பாஞ்சாலை மண்மேட்டை ஒட்டிய காலனியைச் சேர்ந்தவர். படிக்கத் தெரியாது. ஆனால் கோர்ட்டில் அந்தப் பெண் பேசிய பேச்சை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்வார். ஒன்பதாம் அத்தியாயத்தோடு கதை நின்றுவிட்டது. அதற்கப்புறம் வந்த மூட்டைகளில் வெறும் செய்தித்தாள்தான்.

"அவ ஜெயிச்சாளா இல்லியாக்கா?" என்று பாஞ்சாலை தினமும் கேட்டார்.

கடைவீதியில் ஒரு வாசகசாலை இருந்தது. வியாபாரிகள் சிலர் சேர்ந்து நடத்தியது. இன்று அந்தக் கட்டிடம் இல்லை. பழைய பத்திரிகைகளை அங்கே வருஷவாரியாகக் கட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காசியம்மாள் போனார். செயலாளர் கஸ்தூரிரங்கன் வாசலிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"ஒரு கதை படிக்கணும்ங்க. பழைய பத்திரிகையில வந்தது."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "பொம்பளைங்க உள்ள வர்ற வழக்கம் இல்லம்மா. உன் வூட்டுக்காரர அனுப்பு. பார்த்துட்டு வந்து சொல்லுவாரு."

"அவருக்குப் படிக்கத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."

உள்ளே பத்துப் பதினைந்து பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

"சரிங்க, அந்தப் பொஸ்தகத்த இங்க குடுங்க. வாசல்ல நின்னே படிச்சுட்டுக் குடுத்துடறேன்."

"அதெல்லாம் சரிப்படாது. போம்மா."

காசியம்மாள் போகவில்லை. படியை விட்டு ஓரமாக நகர்ந்து, வெயிலில் நின்றார். பன்னிரண்டரைக்கு வாசகசாலையைப் பூட்டும்வரை நின்றார். பூட்டைத் தொங்கவிட்ட கஸ்தூரிரங்கனிடம், "நாங்களே ஒண்ணு வெச்சிக்கிறோம்ங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டே, "பேஷா வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

மறுநாள் பட்டறை வாசலில், சட்டைப்பையில் பேனாவோடு ஒருவர் வந்து நின்றார். ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் பூவராகன். "நேத்திக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவாள்ல நானும் ஒருத்தன். வாயைத் திறக்கலை. அது உறுத்திண்டே இருக்கு. நீங்க வைக்கப் போற லைப்ரரிக்கு என்ன வேணும்னு சொல்லுங்கோ" என்றார்.

காசியம்மாளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தது. பட்டறை முதலாளி மாணிக்கவேலிடம் போய்க் கேட்டார். "மூட்டையில வர்ற வாரப்பத்திரிகைய நாங்க எடுத்துக்கறோம். எடைக்கு எடை செய்தித்தாள் கொண்டாந்து போட்டுடறோம்." மாணிக்கவேல் யோசித்தார். ஜாடிக்கு எந்தக் காகிதமாக இருந்தால் என்ன? சரி என்றார். காலியாகக் கிடந்த வைக்கோல் கொட்டகையையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் மூன்று மாதம் செய்தித்தாள் வேட்டைதான். மண்மேட்டுப் பெண்கள் தெருத்தெருவாகக் கேட்டு வாங்கினார்கள். ஜங்ஷனில் வந்து நிற்கும் ரயில்களில் பயணிகள் படித்துவிட்டுப் போட்டுப்போகும் தாள்களையெல்லாம் பூவராகன் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிப் பொறுக்கினார். ஐயங்கார் வீட்டுப் பிள்ளை குப்பை பொறுக்குகிறான் என்று பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டார்களாம். பட்டறையில் பீங்கான் வார்க்கும் அச்சு செய்யும் தர்மராஜ், பழைய மரப்பெட்டிகளைப் பிரித்து அலமாரி செய்தார். கரையான் ஏறாமலிருக்க, சூளையில் கோணலாகிப்போன கப்புகளில் தண்ணீர் ஊற்றி, அலமாரிக் கால்களை அவற்றுக்குள் நிறுத்தினார். பெண்கள் பத்திரிகைகளைத் தொடர்தொடராகப் பிரித்து, சாக்கு ஊசியால் தைத்தார்கள். பாஞ்சாலை படம் பார்த்தே அத்தியாயங்களை வரிசைப்படுத்திவிடுவார். ஒரு முறைகூடத் தவறியதில்லை என்பார்கள்.

1966 பொங்கலுக்கு நூலகம் திறந்தது. தர்மராஜ் ஒரு பெரிய ஓட்டில் நீல எழுத்தில் எழுதிச் சூளையில் வேகவைத்துக் கொண்டுவந்தார். 'மண்மேடு மக்கள் நூலகம்.' அதற்குக் கீழே காசியம்மாள் எழுதச் சொன்ன வரி: 'எல்லாரும் உள்ளே வரலாம்.'

வந்தார்கள். இரண்டு வருஷத்தில் நூற்றிருபது பேர் உறுப்பினர். சேத்தியாத்தோப்பு பஸ் கண்டக்டர் ஒருவர் சந்தை நாளில் ஒரு பத்திரிகைக் கட்டை எடுத்துப்போய் அங்கே கொடுத்து வாங்கிவந்தார். எங்கள் பக்கத்து மங்களூரிலிருந்து வந்த உரக்கடைக் கணக்கர் ஒருவர் தன் வீட்டுப் பரணிலிருந்த பத்திரிகைகளைக் கொண்டுவந்து கொட்டினார். அந்தக் குவியலில் காசியம்மாள் தேடிய கதையின் கடைசி அத்தியாயம் இருந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிறையப் பெண்கள். காசியம்மாள் உரக்கப் படித்தார். கோர்ட்டில் ஜெயித்த அந்தப் பெண் நேராகப் புருஷன் வீட்டுக்குப் போய், அவன் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறாள். அதோடு கதை முற்றும்.

"அவ்வளவுதானா?" என்றார் பாஞ்சாலை.

"இதுக்காடி நான் அந்த வெயில்ல நின்னேன்!" காசியம்மாள் அலமாரி மேலிருந்த பென்சிலை எடுத்து, கதைக்கு அடியில் எழுதினார்: 'இந்த முடிவு சரியில்லை. கா.' எழுதத் தெரிந்தவர்கள் வரிசையாக வந்து அதற்குக் கீழே பெயரெழுத்துப் போட்டார்கள். பாஞ்சாலை விரலை மையில் தொட்டு ரேகை வைத்தார். அந்தப் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். பதினேழு எழுத்து, நான்கு ரேகை.

தகராறு 1969 சித்திரையில் வந்தது. கடைவீதியில் மாணிக்கவேலின் சொந்தக்காரர்கள் ஏதோ பேசியிருக்க வேண்டும். அவர் கொட்டகைக்கு வந்தபோது காசியம்மாளும் பாஞ்சாலையும் ஒரே பாயில் உட்கார்ந்து புத்தகம் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"காசியம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. காலனிக்காரங்களுக்குச் சாயங்காலம் தனியா ஒரு மணி நேரம் ஒதுக்கிடு. மத்தவங்க நேரத்துல அவங்க வேணாம். அந்த ஓட்டையும் எறக்கிடு. 'எல்லாரும்'னு போட்டிருக்கறது நல்லா இல்ல."

"ஏன் மொதலாளி? ஜாடி கட்டும்போது ஒரே பாயிலதான உக்காந்திருக்கோம்?"

"அது வேலை. இது வேற."

பாஞ்சாலை எழுந்துகொள்ளப் பார்த்தார். காசியம்மாள் அவர் முழங்காலை அழுத்திப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ உக்காரு. மொதலாளி, என்னையும் ஒருத்தரு இப்படித்தான் வாசல்ல நிக்க வெச்சாரு. அதையே நான் இவளுக்குச் செய்ய மாட்டேன்."

"அப்படின்னா கொட்டகைய காலி பண்ணு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

"வெள்ளி வரைக்கும் எதுக்குங்க? நாளைக்கே பண்ணிடறோம்."

சொல்லிவிட்டாரே தவிர, புத்தகங்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் காசியம்மாள் வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். வாடகைக்கு இடம் பார்க்கலாம் என்றார் பூவராகன். கொடுப்பவர்களும் இதே நிபந்தனை போடுவார்கள் என்றார் தர்மராஜ். கடைசியில் காசியம்மாள்தான் சொன்னார்: "அவங்கவங்க வூட்டுல வெச்சிக்குவோம். எந்தக் கட்டு எந்த வூட்டுலன்னு ஒரு தாள்ல எழுதி ஒட்டிடுவோம். வேணும்ங்கறவங்க அந்த வூட்டுக்குப் போய் வாங்கட்டும்."

பதினொரு வீடுகள் முன்வந்தன. தர்மராஜ் வீட்டுக்குச் சரித்திரம், பூவராகன் குவார்ட்டர்ஸுக்கு ஆங்கிலமும் அகராதியும். எல்லாருக்கும் வேண்டிய தொடர்கதைக் கட்டுகளும் அந்தந்த வாரத்துப் புதுப் பத்திரிகைகளும் காலனியில் பாஞ்சாலை வீட்டுக்கு. இதை முடிவு செய்தவர் காசியம்மாள். கூடவே ஒரு விதியும் போட்டார். புத்தகத்தை வெளியே எடுத்துவந்து நீட்டக் கூடாது. வாங்குகிறவர் வீட்டுக்குள்ளே வந்து, பெயர் எழுதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

நூற்றிருபது பேரில் எழுபது பேர் அந்த மாதமே நின்றுபோனார்கள்.

நான் வந்தது அந்தச் சமயத்தில். என் பெயர் பர்வதம். சிதம்பரத்தில் கோயில் சேவகம் செய்யும் குடும்பம் எங்களுடையது. ஆசிரியை வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, கோயில் பக்கம் ஒரு அறையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டால் பொழுது போகாது. நூலகம் என்று ஒன்று இருப்பதாகக் கேட்டு விசாரித்தேன். பத்திரிகை வேண்டுமானால் பாஞ்சாலை வீடு என்றார்கள். அது காலனி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

தெருவில் நின்று, "பத்திரிகை வேணும்" என்றேன். பாஞ்சாலை வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க டீச்சர்" என்றார். நான் அசையவில்லை. கால் வரவில்லை என்பதுதான் உண்மை. "இங்கேயே கொடுத்துடுங்களேன்" என்றேன்.

உள்ளேயிருந்து இன்னொரு குரல் வந்தது. "வெளிய குடுக்கறது இல்லீங்க. உள்ள வந்து எடுத்துக்கங்க. இஷ்டம் இல்லன்னா போய்ட்டு வாங்க, ஒண்ணும் கோவம் இல்ல." காசியம்மாளின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான்; முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி நடந்தேன். தெருமுனை வரை போனேன். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுக்கிறவள். அந்த முனையில் நின்றபோது எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் எழுத வரவில்லை. திரும்பி வந்து குனிந்து உள்ளே போனேன். காசியம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டை நீட்டினார். "இங்க எழுதுங்க. தேதி போடுங்க." பாராட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது, "தைக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அப்படித்தான் நான் மண்மேட்டுக்காரி ஆனேன்.

காசியம்மாளுக்கும் இது சும்மா நடக்கவில்லை. நடராசன் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். பாஞ்சாலை அவர்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துபோவதைக் காரணம் காட்டி, காசியம்மாளின் அண்ணன் காத்தவராயன் பேச்சை நிறுத்திக்கொண்டார். அடுத்த வருஷம் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீர். தண்ணீர் ஊற்ற வேண்டியவர் அத்தையான காசியம்மாள். அவருக்கே சொல்லி அனுப்பவில்லை. நடராசன், "விட்டுடு, போனா அவமானம்" என்றார்.

"என்னோட மருமவளுக்குச் சீர் செய்ய எனக்கு யாரு சொல்லணும்?" தட்டில் புடவை, வளையல், பழம் எல்லாம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பந்தலில் எல்லாரும் பார்க்க அண்ணன் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவுமில்லை. பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். சீர்த்தட்டில் புடவைக்கு அடியில் ஒரு புத்தகமும் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அழுதாராம். அதை நடராசன்தான் எனக்குச் சொன்னார். அவர் பின்னாலேயே அடுத்த பஸ்ஸில் போய், பந்தலுக்கு வெளியே நின்று, அவரோடு ஒரே பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்.

நின்றுபோன எழுபது பேரில் பாதிப் பேர் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தொடர்கதை இழுத்துவந்தது என்பதே உண்மை. பெரிய மனமாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பாத்திரக்கடைக்காரர் வீட்டம்மா வாராவாரம் பாஞ்சாலை வீட்டுக் கோரைப்பாயில் உட்கார்ந்து, அங்கேயே படித்து முடித்துவிட்டுப் போனார். வீட்டுக்கு எடுத்துப்போனால் கேள்வி வரும் என்று.

1972இல் வீடுகளில் இடம் போதவில்லை. மண்மேட்டின் கோடியில், பட்டறைகள் சூளைக் கழிவைக் கொட்டும் புறம்போக்கு கிடந்தது. சூளைக்குள் சாமான்களை அடுக்கி வைக்கும் தீமண் பெட்டிகள் வெடித்துப்போனால் அங்கேதான் கொட்டுவார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, களிமண் வைத்துக் கட்டலாம் என்றார் தர்மராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம். கையெல்லாம் கீறல். ஏழு மாதத்தில் நான்கு சுவரும் ஓலைக் கூரையும் எழும்பின. நீல எழுத்து ஓட்டை வாசலுக்கு மேல் பதித்தார்கள்.

மறு வருஷம் ஒரு அதிகாரி, கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். புறம்போக்கு ஆக்கிரமிப்பு, இடித்தாக வேண்டும் என்றார். உள்ளே எட்டுப் பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

காசியம்மாள் எழுந்திருக்கவில்லை. "தாராளமா இடிங்க சார். நாங்க படிச்சுக்கிட்டு இருக்கோம். முடிச்சதும் எந்திரிச்சிடறோம்."

"எப்ப முடிப்பீங்க?"

"பெரிய பொஸ்தகம் சார்."

அவர் போய்விட்டார். திரும்பி வருவார் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றே முறை போட்டோம். காலையில் சூளை வேலைக்குப் போகாதவர்கள், மதியம் பட்டறைப் பெண்கள், சாயங்காலம் நானும் பூவராகனும் இன்னும் சிலரும். கட்டிடத்துக்குள் எப்போதும் குறைந்தது ஐந்து பேர், கையில் புத்தகத்தோடு. பாஞ்சாலை அதற்குள் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படிப்பார். நடராசன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு அகராதியை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்தொன்பது நாள். அதிகாரி மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை கடப்பாரை ஆட்கள் இல்லை. அலுத்துப்போய் வாசலில் நின்றார். "நான் என்னம்மா எழுதறது மேல?"

"இருக்கறத எழுதுங்க சார்."

அவர் எழுதியது பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் கட்டிடம் ஏதுமில்லை, உடைந்த சூளைக் கழிவுக் குவியல்தான் இருக்கிறது என்று. பூவராகன் அதைச் சொன்னபோது காசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "குப்பைமேடுன்னா நல்லதுதான் சார். யாரும் கேக்க மாட்டாங்க."

1977இல் மாவட்ட நூலகத்தார் வந்து பார்த்தார்கள். மூவாயிரம் புத்தகம், நானூறு உறுப்பினர். பகுதிநேரக் கிளையாக ஏற்றுக்கொள்கிறோம், புதுப் புத்தகம் தருகிறோம், படித்துப் பட்டம் வாங்கிய ஒருவரை நியமிக்கிறோம் என்றார்கள். நேரம், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் ஏழு. மரியாதையாகத்தான் பேசினார்கள். கூட்டம் போட்டோம். காசியம்மாள் எழுந்து நின்றார்.

"ஒம்போது மணிக்கு நம்ம பொம்பளைங்க எங்க இருப்பாங்க? பட்டறையில. நாலு மணிக்கு? பட்டறையில. ஏழு மணிக்கு அடுப்படியில. அப்பறம் இது யாருக்கு?"

கை தூக்கச் சொன்னார்கள். கொடுக்கலாம் என்று முப்பத்தொரு பேர், கூடாது என்று பன்னிரண்டு பேர். நான் கொடுக்கலாம் பக்கம் கை தூக்கினேன். புதுப் புத்தகம் வரும், கூரை மாறும் என்று நினைத்தேன். அது தப்பு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. காசியம்மாள் என் கையைப் பார்த்தார். நூலகத்தார் அவருக்குப் பெருக்கும் வேலை தருகிறோம் என்றதற்கு, "கட்டுனவ பெருக்கவும் செய்வா. அதுக்குச் சம்பளம் வேணாம்" என்றார்.

ஒப்படைக்கும் நாளில் சாவியைக் கொடுத்தார். புது நூலகர், நல்ல இளைஞர், பட்டியலோடு சரிபார்த்தார். அறுபத்து மூன்று புத்தகங்கள் இல்லை.

"எங்கம்மா இதெல்லாம்?"

"வூடுங்கள்ல இருக்குது."

"கொண்டுவந்து சேர்க்கணுமே."

"சேக்க முடியாதுங்க. ஏழு மணிக்கு மேல படிக்கறவங்களுக்கு அது. காணோம்னு எழுதிக்கங்க."

அவர் காணவில்லை என்றே எழுதினார்.

அந்த அறுபத்து மூன்றும் எட்டு வீடுகளில் இருந்தன. வாரம் ஒரு முறை காசியம்மாள் வேலை முடிந்து வந்து, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றி வைப்பார். எட்டில் ஒன்று கோயில் பக்கத்தில் என் அறை. முதல் கட்டை என்னிடம் கொண்டுவந்து இறக்கியபோது, "கை தூக்குனீங்களே டீச்சர், இதையும் கொஞ்சம் தூக்குங்க" என்றார். தூக்கினேன். நல்ல கனம்.